மரம் வெட்டுவோரைக் குறிக்கும் ‘பெல்லர்’ என்னும் சொல்

வெலிமடைக் கமக்காரர்களே!

நெல் அறுத்த வயலிலேயே உருளைக்கிழங்கும் மரக்கறியும் விளைவிப்பது நம் பகுதி வழக்கம். வயலை அடுத்த மேட்டோரங்களில் சபுக்கு மரங்கள் நிற்கின்றன. நிழல் மிகுந்து பயிர் நலிந்தால் மரம் வெட்டுவோரை அழைக்கிறோம். அவருடன் பேசும் ஒப்பந்தத்தில் வரும் ஆங்கிலச் சொற்களின் பொருளைப் பிரித்தறிதல் வேண்டும்.

பெல்லர்: மரத்தை அடியோடு வெட்டிச் சாய்ப்பவர். தமிழில் ‘வீழ்’ என்பதிலிருந்து ‘வீழ்த்து’ பிறந்தவாறே, ஆங்கிலத்தில் விழுதலைக் குறிக்கும் ‘போல்’ என்பதிலிருந்து, விழச்செய்தலைக் குறிக்கும் ‘பெல்’ பிறந்தது. பேச்சு வழக்கில் ‘ஆள்’ என்னும் பொருளிலும் ‘பெல்லர்’ வழங்கும். அது வேறு சொல்.

லொகர்: மரங்களை வெட்டிக் கட்டைகளாக்கி, காட்டிலிருந்து வெளியேற்றும் தொழிலாளர். வெப்பநிலையை இடைவிடாது பதியும் கருவிக்கும் இப்பெயருண்டு. முற்காலத்தில் கப்பலின் வேகத்தைக் கயிற்றில் கட்டிய மரக்கட்டையால் அளந்து ஏட்டில் பதிந்தமையால், பதிவுக்கும் அப்பெயர் வந்தது.

லம்பர்ஜாக்: வட அமெரிக்கக் காடுகளில் மரம் வெட்டியோருக்கு வழங்கிய பெயர்.

லொப்பர்: கிளைகளை மட்டும் கழிப்பவர். நீண்ட பிடியுள்ள கிளைவெட்டும் கத்தரிக்கும் இதுவே பெயர்.

பெல்லரையும் லொப்பரையும் மயங்கினால் நட்டம் கமக்காரருக்கே. கிளை கழித்த மரம் மீண்டும் தழைக்கும். அதன் வேர் சரிவு மண்ணைப் பிடித்து நிற்கும். கழித்த தழை நிலத்துக்கு மூடாக்காகும். சாய்த்த மரத்தின் வேரோ நாளடைவில் உக்கிப் பிடிப்பை இழக்கும். பின்னர் வடகீழ்ப் பருவமழையில் மேட்டோரம் சரிந்து, எருவிட்ட மேல்மண் ஓடைவழியே உமா ஓயாவைச் சேரும். பல ஆண்டு உழைப்பில் உண்டான மண் ஒரு மழையில் போய்விடும்.

சட்டமும் இவ்வேறுபாட்டை நோக்குகிறது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வீழ்த்துதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதிப்பத்திரமின்றி வீழ்த்தலாகாது. மண் பாதுகாப்புச் சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டதே.

ஆதலின், வேலை தொடங்குமுன் பின்வருவனவற்றைச் செய்க:

1. சாய்க்கும் மரம் எத்தனை, கிளை கழிக்கும் மரம் எத்தனை என்பதைத் தமிழில் எழுதிக்கொள்க.
2. சாய்க்கும் மரங்களுக்கு மட்டும் சுண்ணாம்புக் குறியிடுக.
3. அனுமதி வேண்டுமோ என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறிக.
4. சாய்த்த இடத்தில் மழைக்கு முன்னரே மறுகன்று நடுக.

சொல்லைத் தெளிந்து வேலை கொடுப்பின் மரமும் நிற்கும், மண்ணும் நிற்கும்.