பிள்ளையின் அறிவை எதைக் கொண்டு அளப்பது?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து இரண்டு விதமாகச் சோதிக்கப்படுகிறது. முதலில் தராசு. இத்தனை கிலோ என்று அது காட்டிவிடும். யார் நிறுத்தாலும் கணக்கு ஒன்றே. கொழுந்து தூளான பின்பு ருசி பார்ப்பவர் வருகிறார். நிறம், மணம், சுவை இவற்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். தராசுக்கு ருசி தெரியாது. நாவுக்கு நிறை தெரியாது. ஆகவேதான் இரண்டையும் வைத்திருக்கிறார்கள்.

நம் பிள்ளைகளுக்கு வைக்கும் பரீட்சையும் இப்படி இருவகைப்பட்டதே. நான்கு விடைகளைக் கொடுத்துச் சரியானதைத் தெரிந்தெடுக்கச் சொல்வது ஒரு வகை. இதைப் புறவய வினா என்பர். நாம் எளிதாகத் தெரிவு வினா என்போம். பிள்ளை தானாகவே எழுதி விடை சொல்வது மற்றொரு வகை. இது அகவய வினா; எழுத்து வினா என்று வைத்துக்கொள்வோம். இவற்றில் எது மேல் என்று உபாத்தியாயர்கள் வாதிடுவதைக் கேட்டிருக்கிறோம். இது அவர்களுடைய காரியம், நமக்கென்ன என்று பெற்றோர் இருந்துவிடலாகாது. பிள்ளையின் ஒரு முழு ஆண்டு இதில் அடங்கியிருந்ததுண்டு.

ஒரு வருஷத்தின் விலை

ஆறாம் ஆண்டு மாணாக்கருக்கு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988-இல் தொடங்கிற்று. 2019-இல் கடைசியாக நடந்தது. 2020-இல் தொற்று நோயால் நடைபெறவில்லை. 2021-இல் அரசாங்கம் அதை எடுத்துவிட்டது. அதில் மலாய்மொழிக்கு இரண்டு தாள்கள் இருந்தன. 2015 வரை கருத்துணர்தல் தாளில் 40 தெரிவு வினாக்கள்; மற்றொன்று எழுத்துத் தாள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை நேராகப் படிவம் ஒன்றுக்குப் போக வேண்டுமானால் இரண்டு தாளிலும் குறைந்தது 'சி' வாங்கியாக வேண்டியிருந்தது. இல்லையேல் புகுமுக வகுப்பில் ஓராண்டு அதிகமாக இருக்க வேண்டியிருந்தது.

வீட்டிலும் தமிழ், பள்ளியிலும் தமிழ், ரிங்லெட் கடைத்தெருவுக்குப் போனால்தான் நாலு வார்த்தை மலாய் என்று வளரும் தோட்டத்துப் பிள்ளை ஒருவனை நினைத்துப் பாருங்கள். 40 வினாக்களில் இருபதுக்கு அவனுக்கு விடை தெரியும். மீதி இருபதைக் கண்ணை மூடிக்கொண்டு கருமையிடுகிறான். நான்கு விடைகளில் ஒன்று சரியானதால், சராசரியாக ஐந்து தானே வந்து விழும். தாளில் 25 என்று நிற்கிறது. தகப்பனார் மகிழ்கிறார். ஆனால் அந்த ஐந்து பிள்ளையின் அறிவன்று, அதிர்ஷ்டம். எழுத்துத் தாளில் அதிர்ஷ்டம் உதவுவதில்லை. அங்கே சொந்தமாகப் பத்து வரி எழுத வேண்டும். வருஷம் முழுவதும் கருமையிடவே பழக்கப்பட்ட பிள்ளை அங்கே தடுக்கி விழுகிறான், ஓராண்டு போய்விடுகிறது. குற்றம் பிள்ளையினுடையதா? அளந்தவர்களும் பழக்கியவர்களும் அல்லவா யோசிக்க வேண்டும்! 2016-இல் கருத்துணர்தல் தாளிலும் எழுதி விடை சொல்லும் பகுதியைச் சேர்த்தது நல்ல மாற்றமே.

எழுத்து வினாவின் குறை

அப்படியானால் எல்லாவற்றையும் எழுத்து வினாவாக்கிவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் 1912-இல் ஒரு மாணவனின் ஆங்கில விடைத்தாளைப் பிரதிகள் எடுத்துப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கு 64 போட்டவரும் உண்டு, 98 போட்டவரும் உண்டு. கணக்கிலாவது ஒற்றுமை இருக்குமென்று 1913-இல் க்ஷேத்திர கணித விடைத்தாள் ஒன்றை அனுப்பினார்கள். அங்கே வித்தியாசம் இன்னும் அதிகமாகவே வந்தது. தாள் ஒன்று, மாறியது திருத்தியவருடைய மனமே. தெரிவு வினா அந்தக் காலத்தில் பிறந்ததற்கு இந்தக் குறையும் ஒரு காரணம்.

தோட்டத்துச் சிறு பள்ளியில் இந்த ஆபத்து இன்னும் நெருக்கம். அங்கே ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் கையெழுத்தும் தெரியும், குடும்பமும் தெரியும். அடக்கமான பிள்ளைக்கு இரண்டு மார்க் கூடுவதும், குறும்பனுக்கு இரண்டு குறைவதும் அவர் அறியாமலே நடக்கும்.

ஓதுபள்ளியைப் பாருங்கள்

இதற்கு வழி நம் வீட்டருகிலேயே இருக்கிறது. குர்ஆன் ஓதும் பிள்ளையை உஸ்தாத் எப்படிச் சோதிக்கிறார்? எதிரே உட்கார்த்தி ஓதச் சொல்லிக் காதால் கேட்கிறார். எழுத்து பிறக்கும் இடம் சரிதானா என்பதைத் தெரிவு வினா வைத்து அறிய முடியுமா? இருந்தும் அவர் தம் விருப்பம்போல் தீர்ப்புச் சொல்வதில்லை. எங்கே நீட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்ற தஜ்வீது சட்டம் பிள்ளை வாய் திறக்கும் முன்பே இருக்கிறது. சட்டம் முன்னால், தீர்ப்புப் பின்னால். எழுத்து வினாவுக்கும் இதுவே முறை.

இப்போது பள்ளிகளில் வகுப்பறை மதிப்பீடு வந்து, ஆசிரியர் பிள்ளையின் தேர்ச்சியை ஒன்று முதல் ஆறு வரை நிலை குறிக்கிறார். ஆண்டிறுதித் தேர்வு ஒன்றும் 2022/2023 கல்வியாண்டில் சேர்ந்தது. ஆசிரியரின் தீர்ப்புக்கு முன்னைவிட இடம் அதிகமாகிவிட்டபடியால், அந்தத் தீர்ப்புச் சட்டத்தோடு நடக்க வேண்டியதும் அதிகமாயிற்று.

ஆகவே பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் நம் சகோதரர்கள் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்:

1. சொற்பொருள், இலக்கணம், வாய்பாடு போலப் பரந்த பாடத்தை எந்த அளவு அறிந்திருக்கிறான் என்று பார்க்கத் தெரிவு வினா வையுங்கள். சில விடைகளுக்கு, "ஏன் இதைத் தெரிந்தாய்?" என்று வாயாலும் கேளுங்கள்.

2. அறிந்ததைச் சொல்லத் தெரியுமா என்று பார்க்க எழுத்து வினா வையுங்கள். பத்து மார்க்கானால், கருத்துக்கு நான்கு, ஒழுங்குக்கு மூன்று, மொழிக்கு மூன்று என்று தாளைத் தொடும் முன்பே எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிவிடுங்கள்.

3. பெயரை மறைத்துத் திருத்துங்கள். முதல் வினாவை எல்லாத் தாள்களிலும் முடித்த பின்பே இரண்டாவதற்குப் போங்கள்.

4. தானா ராத்தாவில் திருத்திய தாள்களில் சிலவற்றை ரிங்லெட்டில் உள்ளவர் மறுபடி திருத்தட்டும். வித்தியாசம் பெரிதானால் இருவரும் கூடிப் படியுங்கள்.

5. எந்தப் பிள்ளையையும் ஒரே தாளைக் கொண்டு "இவன் உதவான்" என்று தள்ளிவிடாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மார்க் தாள் வீட்டுக்கு வந்தால், "எத்தனை?" என்று மட்டும் கேட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். "எந்த வகை வினாவில் வாங்கினாய்? எங்கே விட்டாய்?" என்று கேளுங்கள். ஆசிரியர் நிலை மூன்று என்று குறித்திருந்தால், நான்காவதற்கு என்ன குறைகிறது என்று மரியாதையோடு போய் விசாரியுங்கள். கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைக் கவனித்துப் பார்க்கும் நாம், பிள்ளையை அளக்கும் தராசையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வதில் தவறில்லை.