வலிப்புக் குளிசை எழுத முதல்

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் சிறுவர் விடுதிக்கும், பருத்தித்துறை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைகளுக்கும் புதிதாக வந்திருக்கிற வைத்தியப் பிள்ளைகளுக்கு:

1. வலிப்போடு வருகிற குழந்தையின் சட்டையைக் கழற்றிப் பாருங்கோ. இலை வடிவில் மூன்று, நாலு வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் தாய் "தேமல்" என்பா. நீங்கள் டியூபரஸ் ஸ்கிளெரோசிஸை நினையுங்கோ. அந்த நோயில் மூளையின் முடிச்சுகள் வலிப்பைத் தரும். இதயத்தில் ராப்டோமயோமாக் கட்டிகளும் இருக்கலாம். அவை பிறக்கும்போது பெருத்திருந்து பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கும். ஆனால் வலிப்புத் தொடங்குவதும் அநேகமாகப் பிறந்த முதல் வருடத்தில்தான், கட்டி சுருங்கி முடிய முதல்.

2. மருந்துக்கு முதல் ஈசிஜி. எக்கோவுக்கு நாள் கிடைக்கச் சுணங்கலாம். ஈசிஜிக்கு அந்தச் சாட்டு இல்லை. நெடுந்தீவுப் பிள்ளையென்றால், குறிகட்டுவானில் வள்ளம் ஏற முதல் எடுத்து முடியுங்கோ.

3. கார்பமசெபினைக் கைப்பழக்கத்தில் எழுதாதேங்கோ. அது நரம்பின் சோடியம் வாயில்களை அடைத்து வலிப்பை அடக்குகிற மருந்து. இதயத்திலும் அவ்வகை வாயில்கள் உண்டு. கட்டி மின்பாதையில் குந்தியிருந்தால் துடிப்பு மந்தமாகலாம், தடைப்படலாம். பினிட்டோயினும் லகோசமைட்டும் இந்த விஷயத்தில் அதன் உறவுக்காரர்தான். அதே வகையான லமோட்ரிஜின் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 மார்ச்சில் இதய நோயாளருக்கென்றே எச்சரிக்கை விட்டது.

4. "குளிசையைக் கூட்டின பிறகு வலிப்பும் கூடிட்டுது, டொக்டர்" என்று தாய் சொன்னால் உடனே இன்னும் கூட்டாதேங்கோ. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேளுங்கோ. முதலில் வெளிறினதா, விறைத்ததா? துவண்டு விழுந்ததா? நிமிடத்துக்குள் தெளிந்து தாயை அடையாளம் கண்டதா, இல்லாவிட்டால் நெடுநேரம் தூங்கினதா? வெளிறித் துவண்டு சட்டெனத் தெளிந்தால் அது இதயம் தடுமாறின மயக்கமாக இருக்கலாம். அதிலும் கை கால் இழுக்கும். அடுத்த முறை நாடியைப் பிடித்துப் பார்க்கத் தாய்க்குக் காட்டிக் குடுங்கோ. கைத்தொலைபேசியில் படம் பிடித்து வந்தால் பாதி வேலை முடிந்தது. புதிதாக ஒரு ஈசிஜி எடுத்துப் பழையதுக்குப் பக்கத்தில் வைத்து பிஆர் இடைவெளியைப் பாருங்கோ.

5. பினிட்டோயினை நாளத்தில் ஏற்றினால், கிலோவுக்கு நிமிடத்துக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். மொனிட்டர் ஓட வேணும், அமுக்கமும் பார்க்க வேணும். அவசரம் என்பது வேகமாக ஏற்றுவதற்குக் காரணமல்ல.

6. இந்த நோயில் சிசு வலிப்புக்கு முதல் மருந்து விகாபட்ரின். பார்வைப்புலம் குறையக்கூடும் என்பதைப் பெற்றோருக்கு முதலே சொல்லுங்கோ. ஏசிடிஎச் ஊசிக்குப் பிறகு இதயக் கட்டி பெருத்த சிசுக்கள் பதிவாகியிருக்கினம். இந்த நோய்க்கு எவரொலிமஸ் எடுக்கிற பிள்ளைக்குக் கார்பமசெபினோ பினிட்டோயினோ குடுத்தால் எவரொலிமஸின் அளவு இரத்தத்தில் இறங்கிவிடும்.

7. இதையெல்லாம் வாசித்துவிட்டு ஒருவரின் மருந்தையும் சடுதியாக நிற்பாட்டாதேங்கோ. தொடர் வலிப்பும் உயிரெடுக்கும். மாற்றுவதானால் நரம்பு வைத்தியரையும் இதய வைத்தியரையும் கேட்டு மாற்றுங்கோ. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் "இதயக் கட்டி உண்டு" என்று சிவப்பு மையால் எழுதுங்கோ. இரவுக் கடமையில் இருப்பவர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார்.