எடை குறைவு, சக்தி அதிகம்: மலையேற்றத்துக்கு உணவு கட்டும் பாடம்



செமினியில் இருக்கிற நமக்கு மலை தூரமில்லை. பக்கத்திலேயே புரோகா குன்று, ஏறக்குறைய 400 மீட்டர். விடியலில் ஏறி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம். ஒரு போத்தல் தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் போதும். ஆனால் நம்ம உலு லங்காட் மாவட்டத்தின் குனோங் நுவாங் அப்படியில்லை. 1,493 மீட்டர் உயரம். சிலாங்கூரின் உயரமான மலைகளில் ஒன்று. பங்சூனிலிருந்து லோலோ முகாம் வரை நீண்ட மண் பாதை, அதற்குப் பிறகு செங்குத்தான ஏற்றம். இடையில் ஓர் இரவு தங்கி ஏறுகிற குழு உணவு கட்டுவது எப்படி? இதுதான் இந்தப் பாடம்.

இளைஞர்களை அழைத்துப் போகும்போது நான் முதலில் தூக்கிப் பார்ப்பது அவர்களோட பேக்கைத்தான். டின் உணவு, ரொட்டி, ஆப்பிள், பாக்கெட் பானம் என்று சாப்பாடு மட்டுமே 4 கிலோ இருக்கும். ஏற்றம் தொடங்கியதும் அந்தப் பிள்ளை களைத்துவிடும். ஒருத்தர் நின்றால் எல்லாரும் நிற்கணும். இருட்டுவதற்குள் முகாம் போய்ச் சேர முடியாது. ஆகவே, உணவின் எடை ஒருவரின் சொந்த விஷயம் இல்லை. அது குழுவின் பாதுகாப்பு.

1. உணவில் இருக்கும் தண்ணீரைத் தூக்காதீர்கள்

குடிக்கிற தண்ணீரைக் குறைக்கவே கூடாது. நான் சொல்வது உணவுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர். 100 கிராமில் கிடைக்கும் சக்தியைப் பாருங்கள்:

- ஆப்பிள்: சுமார் 50 கலோரி
- வெந்த சோறு: சுமார் 130
- பேரீச்சம்பழம்: சுமார் 280
- அவல், ரவை: சுமார் 350
- வேர்க்கடலை: சுமார் 570
- நெய்: சுமார் 900

மாவுச்சத்தும் புரதமும் ஒரு கிராமுக்கு 4 கலோரி தரும்; கொழுப்பு 9 தரும். அதனால்தான் ஒரு சின்ன டப்பா நெய் அவ்வளவு வேலை செய்கிறது. உலர்ந்த சாமான், கொஞ்சம் கடலை, கொஞ்சம் நெய்: இவ்வளவுதான் கணக்கு.

2. நம்ம பெரியவங்க கட்டிய மூட்டை

வெளிநாட்டில் உறையவைத்து உலர்த்திய உணவுப் பொட்டலங்கள் விற்கிறார்கள். எடை குறைவுதான், ஆனா விலை அதிகம். படிக்கிற பிள்ளைக்கு அது தேவையில்லை. சபரிமலை இருமுடியை நினைத்துப் பாருங்க. முன்முடியில் நெய்த்தேங்காயும் பூஜைப் பொருள்களும்; பின்முடியில் பக்தர் வழியில் சாப்பிட வேண்டியவை. தலையில் சுமந்து காட்டுப் பாதையில் நடப்பவர் வீண் எடை கட்ட மாட்டார். குசேலர் கண்ணனைப் பார்க்கத் துணியில் முடிந்து கொண்டுபோனதும் அவல்தான். நெருப்பு வேண்டாம், ஊறினால் போதும், கெட்டுப்போகாது.

3. ஒருவருக்கு 2 நாள், 1 இரவு

முதல் நாள்:
- நடக்கும்போது: வறுத்த கடலை 60 கிராம், பேரீச்சம்பழம் 60
- மதியம்: அவல் 100, வெல்லம் 40
- இரவு: வறுத்து ரவையாக உடைத்த அரிசி-பருப்பு 125, நெய் 20, குடிக்க மைலோ 40

இரண்டாம் நாள்:
- காலை: தாளித்து வறுத்த ரவை 100, நெய் 15
- நடக்கும்போது: கடலை உருண்டை 80
- மதியம்: சத்து மாவு 80, வெல்லம் 30

மொத்தம் 750 கிராம். சக்தி ஏறக்குறைய 3,000 கலோரி. இதே சக்தியை வெந்த சோறாகத் தூக்கினால் 2 கிலோவுக்கு மேல் ஆகும்! முதல் நாள் காலையும் கடைசி இரவும் வீட்டுச் சாப்பாடு. அவசரத்துக்கு ஒரு வேளை அவல் கூடுதலாக வையுங்கள். வியர்வையில் உப்பு போகும். கொஞ்சம் ஊறுகாயோ அசாம் போயோ இருக்கட்டும். ரவையை வீட்டிலேயே தாளித்து வறுத்துவிட்டால் மலையில் கொதிநீர் ஊற்றினாலே உப்புமா தயார். கேஸும் மிச்சம், அதுவும் எடைதானே!

"அண்ணா, மெகி மட்டும் போதாதா?" என்று கேட்பீங்க. ஒரு வேளைக்கு எடுத்துக்கலாம், எடை குறைவுதான். ஆனா உப்பு அதிகம், புரதம் குறைவு. கூடவே கடலை சாப்பிடுங்க.

4. மூன்று எச்சரிக்கைகள்

*கெட்டுப்போவது.* தேங்காய்ப்பால் சேர்ந்த நாசி லெமாக் நம்ம வெயிலில் மதியத்துக்குள் ஊசிப்போகலாம். கெட்ட சோற்றால் காட்டில் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால், இறக்கிக் கொண்டுவருவது பெரும்பாடு. சமைத்த உணவை அன்று காலையோடு முடித்துவிடுங்கள்.

*லேபல்.* ஹலால் முத்திரை இருந்தால் சைவம் என்று அர்த்தமில்லை. ஜெலி மிட்டாயில் உள்ள ஜெலட்டின் மாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். சூப் தூளிலும் இறைச்சிச் சாறு இருக்கலாம். வாங்கும்போதே படியுங்கள், மலையில் போய்ப் பார்த்தால் அந்தப் பிள்ளை பட்டினிதான்.

*தண்ணீர்.* ஆற்று நீர் தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்காதீங்க. நன்கு கொதித்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்கவிடுங்கள்.

காலிப் பொட்டலங்களைத் திரும்பக் கொண்டுவாங்க. மலை நமக்குக் கோயில் மாதிரி என்று சொல்லிவிட்டு அங்கே பிளாஸ்டிக்கைப் போட்டு வந்தால் சொன்னதற்கு என்ன மதிப்பு?

செய்து பாருங்கள்

1. வீட்டுத் தராசில் உங்கள் இரண்டு நாள் உணவை நிறுத்து எழுதுங்கள். 1 கிலோவைத் தாண்டுகிறதா? எதை எடுக்கலாம்?
2. இந்த உணவை முதலில் வீட்டில் ஒரு நாள் சாப்பிட்டுப் பாருங்கள். வயிற்றுக்கு ஒத்துக்காததை மலையில் சோதிக்க வேண்டாம்.
3. குழுவில் யாருக்குக் கடலை ஒவ்வாமை, யார் சுத்த சைவம், யாரால் எவ்வளவு தூக்க முடியும் என்று கேட்டு எழுதுங்கள். பொதுச் சாமான்களைத் தெம்பு உள்ளவர்கள் பங்கு போட்டுத் தூக்குங்கள். தொண்டு என்று நாம் வகுப்பில் படிப்பது இதுதான்.