சரக்கைப் பார்க்கும் கண்ணால் உடம்பையும் பாருங்கள்



லாரியிலிருந்து மூடை இறங்கியதும் நாம் என்ன செய்கிறோம்? குத்தூசியைப் போட்டு எடுத்து, உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, முகர்ந்து, பருப்பாக இருந்தால் ஒன்றிரண்டைக் கடித்தும் பார்க்கிறோம். வத்தலைக் கையில் எடுத்து ஓர் அமுக்கு அமுக்கியே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடும் மண்டிக்காரர்கள் எங்கள் விருதுநகரில் உண்டு. அவர்களில் ஒருவரிடம், "அண்ணாச்சி, உங்கள் உள்ளங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டால் விழிப்பார். நானும் அப்படி விழித்தவன்தான். அதனால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2011-ஆம் ஆண்டு, எனக்கு வயது 51. வேட்டி கட்டும் இடுப்பிலும் தொடை இடுக்கிலும் அரிப்பு. வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்திருந்தது. படர்தாமரை என்று பார்த்தவுடன் தெரியும். டாக்டரிடம் காட்டக் கூச்சம், கல்லாவை விட்டு எழுந்து போக நேரமில்லை. தெரிந்தவர் ஒருவர் சொன்ன களிம்பை வாங்கித் தடவினேன். இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிட்டது. நிறுத்தினால் பத்து நாளில் திரும்ப வந்தது. மறுபடி தடவினேன். இப்படியே எட்டு மாதம். ஒரு கை அகலம் இருந்தது முதுகு வரை ஏறியது. வீட்டில் மனைவிக்கும் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் கூச்சம் போயிற்று.

தோல் மருத்துவர் நான் கொண்டுபோன டியூபைத் திருப்பிப் பார்த்தார். "இதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும். பூஞ்சைக் காளானுக்கோ அது எருப் போட்ட மாதிரி" என்றார். மேலே குறைந்ததுபோல் காட்டி, அடியில் நோயைப் பரப்பிவிடுமாம். தோலையும் மெலிய வைத்து வரி வரியாகக் கோடு விழச் செய்யுமாம். என் தொடையில் அந்தக் கோடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. பிறகு அவர் என் கழுத்தைத் திருப்பச் சொன்னார். பின்கழுத்தில் வெல்வெட் துணிபோலத் தடித்த கறுப்பு. அதை நான் அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"சர்க்கரை எப்போது பார்த்தீர்கள்?"

"பார்த்ததே இல்லை, சார்."

மறுநாள் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் 212 இருந்தது. 100-க்குக் கீழே இருக்க வேண்டியது அது. 126-க்கு மேல் போனாலே நீரிழிவு. நான் தோல் வியாதிக்குப் போனேன், சர்க்கரை வியாதியோடு திரும்பி வந்தேன். உண்மையில் கழுத்துக் கறுப்பும் திரும்பத் திரும்ப வந்த படையும் ரொம்ப நாளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. நான் டியூபைத் தடவி அவற்றின் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாளில் ஷாம்பு பாக்கெட், தைலம், ஊக்கு, சீப்பு இவற்றோடு இந்த மாதிரிக் களிம்பு டியூபுகளையும் கிராமத்துப் பெட்டிக்கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் நான். இடமும் அடைக்காது, லாபமும் உண்டு. எங்களிடம் சரக்கு எடுக்கும் ஓர் அம்மா, 45 வயது இருக்கும், முகத்தில் மங்கு விழுந்திருக்கிறது என்று அதை ஆறேழு மாதம் முகத்தில் தடவியிருக்கிறார். முதலில் பளிச்சென்று வெளுத்திருக்கிறது. நிறுத்தியதும் முகமெல்லாம் சிவந்து, வெயில் பட்டால் எரிச்சல். பாக்கி கொடுக்க வந்த அன்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். "உங்க கிட்டங்கிச் சரக்குதான், அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். அன்றோடு அந்தச் சரக்கை நிறுத்தினேன். 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையிலேயே விற்கக் கூடாது என்று ஆக்கிவிட்டது. மருந்து உரிமம் இல்லாத மளிகைக்காரர்கள் நாம் அதைத் தொடவே கூடாது. இன்னும் சில கடைகளில் ஷாம்புச் சரத்துக்குப் பக்கத்தில் தொங்குவதைப் பார்க்கிறேன். வாடிக்கையாளர் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

என் படை எப்படிப் போயிற்று என்று கேட்பீர்கள். மருத்துவர் சொன்ன பூஞ்சை மருந்து பல வாரம். வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து வைத்தியம். உள்ளாடையை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுதல். குளித்த பிறகு இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்தல். எல்லாவற்றுக்கும் மேலாகச் சர்க்கரையை இறக்குதல். அது இறங்காமல் படை போகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சர்க்கரை எப்படி ஏறியது என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். மண்டிக்கு யார் வந்தாலும் டீ. அவருக்கு ஒன்று, மரியாதைக்கு நமக்கும் ஒன்று. நாளுக்கு எட்டு டீ, டீக்கு இரண்டு கரண்டி, கரண்டிக்கு 5 கிராம். ஆக 80 கிராம். வருஷத்துக்கு 29 கிலோ! ஐம்பது கிலோ சர்க்கரை மூடையில் பாதிக்கு மேல் நான் ஒருவனே குடித்துத் தீர்த்திருக்கிறேன், அதுவும் டீயில் மட்டும். போதாததற்கு மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு, ராத்திரிச் சாப்பாடு கடை கட்டிப் பதினொரு மணிக்கு, உடனே படுக்கை. இது என் ஒருவன் கதை இல்லை, நம் தெருவே இப்படித்தான். 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது.

டீயை இரண்டாகக் குறைத்தேன், சர்க்கரை இல்லாமல். முதல் பத்து நாள் கஷாயம்தான், பிறகு பழகிவிட்டது. இரவுச் சாப்பாட்டை ஏழரை மணிக்குத் தூக்குவாளியில் கடைக்கே வரவழைத்தேன். காலையில் மண்டி திறக்குமுன் 40 நிமிடம் நடை. இடுப்புச் சுற்றளவை டேப் வைத்து அளந்து எழுதிவைக்கிறேன். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80-உம் எல்லை. நான் இன்னும் 93-இல் நிற்கிறேன். மாத்திரையும் தொடர்கிறது. மாத்திரையை விட்டுவிட்டேன் என்று பெருமையடிப்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயது ஏற ஏறத் தோலில் எண்ணெய்ப் பசை குறைகிறது. நாமோ வத்தல் தூசி, சோப்புத்தூள், சணல் சாக்கு என்று நாள் முழுக்க அதை உரசிக்கொண்டே இருக்கிறோம். விரல் நுனி வெடிக்காமல் என்ன செய்யும்? வத்தல் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். எனவே முதலில் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போடுங்கள். மண்ணெண்ணெயில் கை கழுவும் பழக்கம் லாரி செட்டுக்காரர்களிடமிருந்து நம்மிடம் வந்தது. அது உள்ள பசையையும் உறிஞ்சிவிடும். சோப்பு விற்கிற நமக்கே சோப்பைப் படிக்கத் தெரியவில்லை. உறையில் டி.எஃப்.எம். என்று ஓர் எண் இருக்கும், அது கொழுப்புச் சத்தின் அளவு. முதல் தரக் குளியல் சோப்புக்கு 76 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. "பாத்திங் பார்" என்று போட்டு விற்பதில் 40 இருந்தாலே போதும். வறண்ட தோல்காரர்கள் வாசனையைப் பார்க்காமல் அந்த எண்ணைப் பார்த்து எடுக்கட்டும். குளித்து ஈரம் காயுமுன் கை கால்களில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் விலை உயர்ந்த க்ரீமே தேவைப்படாது.

உடம்பில் எங்காவது வெளிறிய தேமல் இருந்து, அதைக் கிள்ளினால் உணர்ச்சி இல்லை என்றால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். அது தொழுநோயாக இருக்கலாம். மருந்து இலவசம், முழுமையாகக் குணமாகும்.

நின்றுகொண்டே பொட்டலம் மடிப்பவர்களுக்குக் கணுக்காலுக்கு மேலே நரம்பு சுருண்டு, தோல் கறுத்து, அரிப்பெடுக்கும். சொறிந்தால் புண், அந்தப் புண் லேசில் ஆறாது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. முதலாளியும் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம், சட்டம் தடுக்கவில்லை.

கடைசியாகக் கால். எனக்கு மனசில் உறுத்துகிற விஷயம் இதுதான். கடைக்குள் செருப்புப் போடுவதில்லை என்பது நம் வழக்கம், கல்லா லட்சுமி இருக்கும் இடம். எங்கள் வரிசையில் கடை வைத்திருந்த நண்பருக்குப் பல வருஷச் சர்க்கரை, பாதத்தில் மதமதப்பு. முறிந்த கோணி ஊசித் துண்டு ஒன்று உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. அவருக்கு வலி தெரியவில்லை. மூன்றாம் நாள் வீட்டுத் தரையில் ஈரச் சுவடு பார்த்து மகள்தான் கண்டுபிடித்தாள். அதற்குள் சீழ் வைத்துவிட்டது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதன் பிறகு அவர் கடைக்கு வருவது குறைந்து, இப்போது கடையே இல்லை.

அதிலிருந்து ராத்திரி கணக்கு முடித்ததும் டார்ச் அடித்து என் பாதங்களைப் பார்க்கிறேன். உள்ளங்கால் தெரிய ஒரு சின்னக் கண்ணாடி கல்லாப் பெட்டியிலேயே இருக்கிறது. விரல் இடுக்கை உலர்த்தித் துடைக்கிறேன், அங்கே மட்டும் எண்ணெய் வைப்பதில்லை. குதிகால் வெடிப்பில் தடவுகிறேன். வெந்நீர் ஊற்றுமுன் சூட்டைக் காலால் பார்ப்பதில்லை, முழங்கையால் பார்க்கிறேன். கடைக்குள் மட்டும் போட ஒரு ஜோடி ரப்பர் செருப்பு தனியாக வாங்கி வைத்திருக்கிறேன், வெளி மண் அதில் படாது. எங்கள் அம்மா இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பார். விளக்கேற்றும்போதும் கல்லாவைத் தொட்டுக் கும்பிடும்போதும் கழற்றி வைக்கிறேன், பிறகு போட்டுக்கொள்கிறேன். இப்போது பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேரும் வாங்கிவிட்டார்கள்.