யாழ்ப்பாணத்துக்கு ஒரே மூச்சில் போகாதே, தங்கச்சி

கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தை என்று காலி வீதியோரம் குடியிருக்கிற எங்கள் சனத்துக்கு யாழ்ப்பாணப் பயணம் என்றால் இரவு பஸ்தான். சீட்டைப் பதிவு செய்து, இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஏறி, திரையை இழுத்துவிட்டுச் சாய்ந்தால் கண் விழிக்கும்போது கொடிகாமம் வந்திருக்கும். நடுவே கிடக்கிற நானூறு கிலோமீற்றர் அளவான பாதையில் சிலாபம், புத்தளம், அனுராதபுரம், வவுனியா எல்லாம் இருட்டோடு இருட்டாகப் போய்விடும். அடுத்த நாளே வேலைக்குத் திரும்பவேண்டியவர்களுக்கு அது சரி. உனக்கு லீவும் இருக்கிறது, கூட வர சிநேகிதியும் இருக்கிறாள். நீ ஏன் அப்படிப் போகவேண்டும்? வழியில் இரண்டு இடத்தில் இறங்கித் தங்கிப் போ.

அதற்கு முதலில் இரவு பஸ்ஸை மற. ஒன்பது மணிக்குப் புறப்படுகிற பஸ் வவுனியாவைத் தொடும்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும். அந்த நேரத்தில் இறங்கினால் லொட்ஜும் திறந்திருக்காது, ஓட்டோவும் நம்பி ஏறக்கூடியதாக இராது. சொகுசு பஸ்களில் நடுவில் இறங்கினாலும் பெரும்பாலும் முழுத் தூரத்துக்கும் காசு வாங்கிவிடுவார்கள். பகலில் ஊருக்கு ஊர் ஓடுகிற சாதாரண பஸ்ஸில் போனால் போன தூரத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும். கல்கிசையில் விடிய வெள்ளன 100ஆம் அல்லது 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், காலி வீதியில் நெரிசல் தொடங்குமுன் புறக்கோட்டைக்குப் போய்விடலாம். ரயிலில் கோட்டைக்குப் போனாலும் பஸ் நிலையம் நடை தூரந்தான். அங்கே யாழ்ப்பாண பஸ்ஸைத் தேடாதே. சிலாபம் அல்லது புத்தளம் பஸ்ஸைக் கேள்.

எந்த ஊரில் தங்கலாம் என்று தீர்மானிக்க நான் பார்ப்பது இதைத்தான்: பஸ் புறப்படுகிற ஊரில் தங்கு, பஸ் கடந்து போகிற ஊரில் தங்காதே. மதவாச்சியை எடுத்துக்கொள். வரைபடத்தில் பார்த்தால் அதைவிட வசதியான சந்தி இல்லை. மன்னார்ப் பாதையும் யாழ்ப்பாணப் பாதையும் பிரிகிற இடம். ஆனால் அங்கே நின்று அடுத்த நாள் பஸ்ஸுக்குக் கை காட்டினால், வருகிறதெல்லாம் தூரத்திலிருந்து நிரம்பி வருகிற பஸ். படியில் தொங்கிக்கொண்டு போகவேண்டியதுதான். வவுனியாவிலோ யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, திருகோணமலை என்று எல்லாப் பக்கமும் பஸ் அங்கிருந்தே வெளிக்கிடுகிறது. வெறும் பஸ்ஸில் ஏறி, பிடித்த சீட்டில் இருக்கலாம். சிலாபம், புத்தளம், அனுராதபுரம், கிளிநொச்சி, மன்னார் எல்லாம் இந்த வகையில் சேரும். இரண்டாவதாகப் பார்க்கவேண்டியது, ஊரில் ஒரு ரயில் நிலையமோ பெரிய ஆஸ்பத்திரியோ இருக்கிறதா என்பது. அப்படியான ஊர்களில் வெளியூர்ச் சனம் வந்து தங்குவது வழக்கம். அறையும் சாப்பாட்டுக் கடையும் கட்டாயம் இருக்கும்.

முதல் தரிப்பு சிலாபமாக இருக்கட்டும். கொழும்பிலிருந்து எண்பது கிலோமீற்றர்தான், காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுவாய். இவ்வளவு கிட்டத்தில் இறங்குவதா என்று உனக்குத் தோன்றும். முன்னேஸ்வரத்துக்காக இறங்கு. பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று, சிலாபம் பட்டணத்திலிருந்து ஓட்டோவில் சிறு தூரம். எங்கள் சனமும் சிங்களச் சனமும் ஒரே வாசலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்பதை அங்கே பார்க்கலாம். ஓகஸ்ட், செப்டெம்பரை ஒட்டி நாலு கிழமை திருவிழா நடக்கும். அந்த நாட்களில் போவதென்றால் முதலே அறை சொல்லி வை.

சிலாபத்திலிருந்து புத்தளம் போகிற வழியில் பத்துளுஓயாச் சந்தியில் இறங்கிக் கடற்பக்கம் திரும்பினால் உடப்பு. இந்தப் பாதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. சுற்றிவரச் சிங்கள ஊர்கள், நடுவில் முழுக்கத் தமிழ் பேசுகிற மீன்பிடிக் கிராமம். முன்னோர் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று அந்த ஊர்ச் சனம் சொல்லும். திரௌபதி அம்மன் கோயிலும் ஆடி மாதத்தை ஒட்டி வருகிற தீமிதிப்பும் பெயர் பெற்றவை. தீமிதிப்பு இல்லாத நாளிலும் காலையில் கடற்கரைக்குப் போ. கரைவலை இழுக்கிற நேரமாக இருந்தால் நின்று பார். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று, குதிகாலை மணலில் ஊன்றி, பின்னால் சாய்ந்து சாய்ந்து கயிற்றை வாங்குவார்கள். வலை கரைக்கு நெருங்க நெருங்கக் காகங்கள்தான் முதலில் வந்துசேரும். இந்த வேலைக்கென்றே அவர்களிடம் அம்பாப் பாட்டு இருக்கிறது. படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடு. உடப்பில் இரவு தங்க இடம் தேடி அலையாதே. பகலில் பார்த்துவிட்டுச் சந்திக்குத் திரும்பி, புத்தளத்துக்கோ சிலாபத்துக்கோ போய்த் தங்கு.

புத்தளம் வெயில் ஊர். களப்பும், உப்பளமும், தெருவில் தன்பாட்டில் திரிகிற கழுதைகளும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பகுதி வந்து தங்கியது இந்த மாவட்டத்தில்தான். சாப்பாட்டுக் கடையில் பேச்சுக் கொடுத்தால் யாழ்ப்பாணத்துத் தமிழும் மன்னார்த் தமிழும் காதில் விழும். யாழ்ப்பாணம் போகிற பிள்ளை அதைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது என்று நினைக்கிறேன். தலவில அன்னம்மாள் கோயிலுக்கும் கல்பிட்டி ஒல்லாந்தர் கோட்டைக்கும் போவதென்றால் பாலாவியில் பாதை பிரியும். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

புத்தளத்திலிருந்து அனுராதபுரம் போகிற துண்டை மட்டும் பின்னேரத்துக்கு வைக்காதே. கருவலகஸ்வெவவைத் தாண்டினால் வில்பத்துக் காட்டை ஒட்டிய பாதை, பொழுது சாயும்போது யானை வீதிக்கு வரும். பகல் ஒரு மணிக்குள் ஏறிவிடு. அனுராதபுரத்தில் அறைக்குப் பஞ்சம் இல்லை, ஆனால் பொசன் போயாவை ஒட்டிய நாட்களில் அந்தப் பக்கமே தலை வைக்காதே. நாடு முழுவதும் அங்கேதான் நிற்கும். மற்றப் போயா நாட்களிலும் இறைச்சிக் கடை பூட்டியிருக்கும், பஸ் நிரம்பியிருக்கும். கலண்டரைப் பார்க்காமல் பயணம் போடவே கூடாது. நல்லூர்த் திருவிழா, ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா, பாடசாலை விடுமுறை எல்லாம் இதில் அடங்கும்.

இரண்டாவது இரவுக்கு வவுனியா. அங்கே பழைய பஸ் நிலையம், புதிய பஸ் நிலையம் என்று இரண்டு உண்டு. நாளைக்கு நீ ஏறப்போகிற பஸ் எங்கிருந்து வெளிக்கிடுகிறது என்பதை அன்று பின்னேரமே கேட்டுவிடு, அதற்குக் கிட்டவாக அறையை எடு.

வவுனியாவில் நீ ஒரு முடிவு எடுக்கவேண்டும். நேரே ஏ9 வீதியால் போகலாம். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் தாண்டி முறிகண்டி வரும். பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தாமல் எந்த றைவரும் போகமாட்டார். இறங்கிக் கும்பிட்டு, கற்பூரம் கொளுத்தி, கச்சான் ஒரு சரை வாங்கிக்கொண்டு ஏறு. அப்போதுதான் மணலில் வறுத்தது என்றால் கடதாசி கையைச் சுடும். மலசலகூடத்துக்குப் போவதற்கும் அதுதான் நல்ல இடம். பஸ் நிற்கிற நேரம் கொஞ்சம்தான், கொண்டக்டரிடம் சொல்லிவிட்டு இறங்கு. கிளிநொச்சியில் ஒரு பகல் நின்றால் இரணைமடுக் குளத்தைப் பார்த்துவரலாம். பிறகு பரந்தன், ஆனையிறவு. அந்த வெளியில் வீதியின் இரு பக்கமும் தண்ணீர். அங்கே நித்திரை கொள்ளாதே. யுத்தத்தால் மூடிக் கிடந்த இந்தப் பாதை 2002 ஏப்ரலில் திறந்தபோது எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அழுதார்கள். 2006 ஓகஸ்டில் மறுபடியும் மூடினார்கள். 2002க்கு முந்திய காலத்தில் கிளாலியில் இரவோடிரவாக வள்ளம் ஏறிக் கடல்நீரேரியைக் கடந்தவர்களும், திருகோணமலையிலிருந்து கப்பலில் போனவர்களும் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபரில். உன் வயதுக்கு இவையெல்லாம் கதையாகத்தான் தெரியும். அதனால்தான் பகலில் போ என்கிறேன்.

மற்றது மன்னார் வழி. நாள் இருந்தால் இதைத்தான் நான் சொல்லுவேன். வவுனியாவிலிருந்து மன்னாருக்கு பஸ் எடுத்து அங்கே ஒரு இரவு தங்கு. திருக்கேதீஸ்வரம், கோட்டை, பள்ளிமுனையில் நிற்கிற பெருக்கமரம் மூன்றையும் பார்க்கலாம். பத்துப் பேருக்கு மேல் கை கோத்தால்தான் அந்த மரத்தைச் சுற்றி நிற்கமுடியும். அராபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்று சொல்வார்கள். அடுத்த நாள் மன்னாரிலிருந்து யாழ்ப்பாண பஸ் ஏறினால் அது பூநகரியால் போய், 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் கடல்நீரேரியைக் கடந்து நாவற்குழியில் மிதக்கும். மாரியில் கொக்கும் நாரையும் நிறையத் தெரியும். வாகனம் குறைந்த பாதை, கடை குறைவு. தண்ணியும் பணிஸும் மன்னாரிலேயே வாங்கி வை.

அறை எடுக்கிற விஷயத்தில் கொஞ்சம் கறாராக இரு. பின்னேரம் மூன்று மணிக்குள் ஊருக்குள் இறங்கிவிடு. எங்கள் நாட்டில் ஆறரைக்கு இருட்டிவிடும், இருட்டுமுன் இரண்டு இடமாவது பார்த்துத் தெரிவுசெய்ய நேரம் வேண்டும். காசு கொடுக்குமுன் அறையைத் திறந்து பார். கதவுக்கு உள் கொண்டி இருக்கிறதா, அது விழுகிறதா, ஜன்னல் சாத்துகிறதா, குழாயில் தண்ணி வருகிறதா என்று நீயே கையால் தொட்டுப் பார். கீழே மதுக்கடை இருக்கிற கட்டடம் வேண்டாம். குடும்பங்கள் தங்குகிற இடமா என்று பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிற அக்காவிடம் கேள், அவர்கள் பொய் சொல்லமாட்டார்கள். அடையாள அட்டை கேட்பார்கள். பதிந்துவிட்டுத் திரும்ப வாங்கிவிடு, இரவு முழுக்க அவர்களிடம் விடாதே. சொந்தத்தில் யாராவது அரச உத்தியோகத்தில் இருந்தால் அவர்களுடைய திணைக்களத்தின் சுற்றுலா விடுதியைப் பதிவு செய்ய முடியுமா என்று விசாரி. மலிவு, பாதுகாப்பு. அனுராதபுரத்தில் இப்படிப் பல இருக்கின்றன.

பஸ்ஸுக்குள் இருப்பதற்கும் முறை இருக்கிறது. வடக்கே போகும்போது காலையில் இடது பக்கம் இரு. வெயில் வலது பக்கம் அடிக்கும், புத்தளத்துக் களப்பும் இடது பக்கம்தான். மத்தியானத்துக்குப் பிறகு றைவர் பக்கத்துக்கு மாறு. முன் சீட் மதகுருமாருக்கு ஒதுக்கியது, வெறுமையாக இருந்தாலும் அதில் இராதே. ஒரு பை போதும், மடியில் வைக்கக்கூடிய அளவில். பெரிய பையை டிக்கிக்குள் போட்டால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டிப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். சில்லறை இல்லாவிட்டால் கொண்டக்டர் மிச்சக் காசை டிக்கெட்டின் பின்புறம் எழுதித் தருவார். இறங்குகிற இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னரே எழுந்து போய் அதை வாங்கிவிடு. டிக்கெட் தராவிட்டால் கேட்டு வாங்கு. சிலாபத்திலிருந்து மதவாச்சி வரை சிங்களம் வேண்டும். பஸ்ஸில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், "மே பஸ் எக்க அனுராதபுர யனவாத?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டு ஏறு. வவுனியா தாண்டினால் "இறக்கம்" என்று சத்தமாகச் சொன்னால் போதும்.

நெரிசலில் யாராவது உரசினால் வாயை மூடிக்கொண்டு நிற்காதே. அந்த இடத்திலேயே உரத்துச் சொல்லு, கொண்டக்டரைக் கூப்பிடு. பஸ்ஸில் இருக்கிற அம்மாமார் உன் பக்கம்தான் நிற்பார்கள். ஏறின பஸ்ஸின் இலக்கத் தகட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பு.

நவம்பர், டிசம்பரில் இந்தப் பயணத்தை வைக்காதே. வடகிழக்குப் பருவமழையில் குளங்கள் நிரம்பி வழிந்து பாதை தடைப்படுகிற காலம் அது. பெப்ரவரி, மார்ச் நல்லது. திரும்பி வருகிற நாளை ஞாயிற்றுக்கிழமையாக வைத்தால் யாழ்ப்பாணத்தில் பஸ்ஸிலும் சீட் கிடைக்காது, ரயிலிலும் கிடைக்காது. செவ்வாய், புதனாகப் பார். பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990, தனியார் பஸ் முறைப்பாட்டுக்குத் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955. மூன்றையும் போனில் போட்டு வை, ஒரு துண்டிலும் எழுதிப் பையில் வை. நீண்ட பாதையில் போன் சார்ஜ் இறங்கிவிடும்.