படித்தும் ஏன் வேலையில்லை?

கேள்வி: பொருளாதாரம் வளர்கிறது என்கிறார்கள். பிறகு ஏன் படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் இருக்கிறார்கள்?
– வாசகி, விருதுநகர்

பதில்: உற்பத்தி வளர்ந்த வேகத்தில் வேலைகள் வளரவில்லை. நம் உழைப்பாளர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் இன்னும் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள். அங்கிருந்து வெளியேறுபவர்களை ஏற்கும் அளவுக்குத் தொழிற்சாலைகள் பெருகவில்லை, கல்லூரிகள் பெருகின. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையில்லாதவர்கள் 3.4 சதவீதம், பட்டதாரி இளைஞர்களில் 29.1 சதவீதம். பரம ஏழைக்குக் காத்திருக்க வசதியில்லை. கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறார்.

படித்தவர்களோ அரசு வேலைக்குக் காத்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசுப் பணிக்கான 2024 குரூப் 4 தேர்வில் முதலில் அறிவித்த 6,244 இடங்களுக்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். நூலகம் திறக்கும் முன்பே வழிகாட்டிப் புத்தகத்தோடு வாசலில் நிற்கும் பிள்ளைகளைப் பாருங்கள். வயது ஏறுகிறது, கல்விக்கடனுக்கு வட்டி ஏறுகிறது, கற்ற தொழில் மறக்கிறது, கல்யாணம் தள்ளிப்போகிறது. வேலை தேடுவதையே விட்டுவிடும் பெண்கள் வேலையில்லாதோர் கணக்கில்கூட வருவதில்லை.

இது பிள்ளைகளின் சோம்பல் அல்ல. நிறைய பேருக்கு வேலை தரும் ஆடை, தோல், உணவு பதப்படுத்தும் சிறுதொழில்களுக்குக் கடனும் சந்தையும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. உங்கள் வீட்டுப் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள், துணை நில்லுங்கள்.