இன்ஜின் சத்தத்தை அளக்கும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகிவிட்டதா? பாட்டுக் கேட்டாயிற்று, படம் பார்த்தாயிற்று, லெட்டரும் டைப் செய்தாயிற்று. அடுத்து என்ன என்று யோசிப்பவர்களுக்காக இந்தப் பாடம். உங்கள் கம்ப்யூட்டரின் மைக்கை ஓர் அளவுக் கருவியாக மாற்றப் போகிறோம்.

நான் இன்ஜினியரிங் படித்துவிட்டு சாஃப்ட்வேர் துறையில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி. லீவில் ஊருக்கு வந்தால் ரேடியோ கன்ட்ரோல் மாடல் விமானம் விடுவது என் பொழுதுபோக்கு. இப்போது பலர் பேட்டரி மோட்டாருக்கு மாறிவிட்டார்கள். மெத்தனாலில் ஓடும் குளோ இன்ஜினை விடாதவர்களும் இருக்கிறார்கள்.

இந்த இன்ஜின் வானில் நின்றுவிட்டால் விமானத்தைத் திரும்ப மேலே ஏற்ற முடியாது. தாமிரபரணிக் கரையில் இரு பக்கமும் வயல். நடவு நேரத்தில் ஆட்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். இரண்டு கிலோ விமானம் யார் தலையில் இறங்கும் என்று சொல்ல முடியுமா? எனவே கோளாறைத் தரையிலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

பெரிய இன்ஜின்களுக்கும் இதே வழிதான். எங்கள் மாவட்டத்து மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில், ககன்யான் திட்டத்துக்கான விகாஸ் இன்ஜினை 2021 ஜூலை 14 அன்று 240 விநாடிகளும், கிரையோஜெனிக் இன்ஜினை 2022 ஜனவரி 12 அன்று 720 விநாடிகளும் தரையில் நிறுத்தி ஓட்டினார்கள். ஓட்டு, அள, எழுதிவை. நாமும் அதைத்தான் செய்யப் போகிறோம்.

சத்தத்தைப் பதிவு செய்யுங்கள்

ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரை அதன் இணையதளத்திலிருந்து இறக்கி இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். விமானத்தை நன்றாகக் கட்டிவைத்து இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டுங்கள். புரொப்பெல்லருக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. லேப்டாப்பை மூன்று மீட்டர் பின்னால் வைத்து, சிவப்பு வட்டம் உள்ள பட்டனை அழுத்துங்கள். பத்து விநாடி போதும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பதிவு நிற்கும்.

மவுஸால் சத்தத்தின் நடுப்பகுதியை செலக்ட் செய்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஒரு விண்டோ திறக்கும். சைஸ் என்ற இடத்தில் 16384 என்பதைத் தேர்ந்தெடுங்கள். மலை முகடுகள் போல ஒரு படம் தெரியும். இடப்பக்கத்தில் முதலில் வரும் உயரமான முகட்டின் மேல் மவுஸைக் கொண்டுசெல்லுங்கள். பீக் என்ற இடத்தில் அதன் அலைவெண் ஹெர்ட்ஸில் தெரியும்.

கணக்கு

ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். அலைவெண்ணை 60ஆல் பெருக்கினால் நிமிடச் சுற்று கிடைக்கும். 200 ஹெர்ட்ஸ் என்றால் 12,000 சுற்று. ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் 120ஆல் பெருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இரண்டு இறக்கை உள்ள புரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு இருமுறை ஒலி எழுப்பும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் அது 400 ஹெர்ட்ஸில் தனி முகடாகத் தெரியும். அதை எடுத்துக்கொண்டால் விடை இரண்டு மடங்காகிவிடும்.

எக்ஸெல்லில் தேதி, நீடில் வால்வு எத்தனை கிளிக் திறந்துள்ளது, அலைவெண், சுற்று என நான்கு காலம் போடுங்கள். சுற்று காலத்தில் சமக்குறி இட்டு, அலைவெண் உள்ள செல்லைக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறியும் 60ம் டைப் செய்து என்டர் தட்டுங்கள். விடை வந்துவிடும்.

எண்கள் சொல்வது என்ன?

நீடிலை மூட மூடச் சுற்று ஏறும். உச்சத்தைத் தொட்டதும் நிறுத்திவிட்டு, 300 சுற்று குறையும் அளவுக்குத் திரும்பத் திறந்துவிடுங்கள். எரிபொருளில்தான் எண்ணெயும் கலந்திருக்கிறது. அது குறைந்தால் இன்ஜின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பிறகு விமானத்தின் மூக்கை வானம் பார்க்கத் தூக்கிப் பிடித்து இன்னொரு பதிவு எடுங்கள். சுற்று லேசாக ஏறினால் நல்லது. இறங்கினால் இரண்டு கிளிக் திறந்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

அதே நீடில், அதே புரொப்பெல்லர். ஆனால் வாரா வாரம் சுற்று குறைகிறதா? முதலில் குளோ பிளக்கை மாற்றுங்கள். அடுத்து எரிபொருளையும் ஃபில்டரையும் பாருங்கள். கடைசியில் பேரிங். மெத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் எரிபொருள் கேனை இறுக மூடிவையுங்கள். பறந்து முடித்ததும் மிச்ச எரிபொருளை எரித்துத் தீர்த்து, சில சொட்டு எண்ணெய் விட்டுச் சுழற்றிவைத்தால் பேரிங் துருப்பிடிக்காது.

2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்துள்ளன. பறக்கவிடும் முன் உங்கள் இடம் எந்த நிறம் என்று மேப்பில் பாருங்கள். மகேந்திரகிரி, கூடங்குளம் பக்கம் போகவே வேண்டாம்.

விமானம் இல்லாதவர்கள் வீட்டு மிக்ஸியைப் பதிவு செய்து பழகலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று வேகத்தைக் கூட்டும்போது முகடுகள் வலப்பக்கம் நகர்வதைப் பார்க்கலாம். இன்றே செய்து பாருங்கள்.